சிவப்புக் கோடு போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

எஹலியகொட பஸாரில் பஸ் ஓட்டும் முதலாளி ஒருவர் சென்ற மாதம் புது பஸ் எடுத்தார். கூடவே கியாரண்டிப் புத்தகம் ஒன்றும் வந்திருக்கிறது. எஞ்சின் ஒயில் மாற்றினாலும் கிரீஸ் போட்டாலும் அன்றைக்கே அதில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால்தான், ஒரு வருஷத்துக்குள் ஏதாவது சாமான் உடைந்தால் கம்பெனிக்காரன் சும்மா மாற்றிக் கொடுப்பான். வேலையை விட்டபிறகு பொழுது போகாமல் நான் அவருடைய பஸ் பட்டறைப் பக்கம் போய் உட்காருவது வழக்கம். அங்கே எஞ்சின் பழுதுபார்க்கிற பிட்டர்கள் புத்தகத்தை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, மாசக் கடைசியில் எல்லாத் தேதியையும் ஒரேயடியாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னப்பா கூத்து? செஞ்ச அன்னைக்கே எழுதுங்க" என்றேன்.

"ஒயில் மாத்தினது நெசந்தானே வேலு அண்ணே? தேதியில என்னா இருக்கு?" என்று ஒருவன் சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பாதி குடித்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகு, அவன்மேல் கோபித்து என்ன பயன் என்று தோன்றியது. தேதியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குச் சூசையைத் தெரியாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்தவன். ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, புகையில் காயவைக்கிற தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். உருளைகளும் அவற்றை ஓட்டுகிற எஞ்சினும் என் பொறுப்பு. இரத்தினபுரியில் ஒரு பட்டறையில் திட்டும் குட்டும் வாங்கித் தொழில் படித்தேன். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் வாங்கியதுதான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கே ஆட்கள் பிழைக்கிறார்கள்.

தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி பெரிய கிளாக்கர் சபாரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஆபீசுக்கு வருகிற முறையே தனி. முதலில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பின்புறம் போய் முழங்கைவரை கைகழுவுவார். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் அலுமாரியைத் திறந்து செக்ரோலை எடுப்பார். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்கள் எல்லோருடைய வேலையையும் நாள்நாளாகப் பதிகிற புத்தகம். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். மழை வந்து பாதியில் கலைந்தால் அரைப் பேர். பேர் விழாவிட்டால் அந்த நாளில் நீங்கள் இந்த உலகத்திலேயே இருக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் மேசையில் இரண்டு மைக்கூடுகள் இருக்கும். கறுப்பு மை பேர் போட, சிவப்பு மை கோடு போட. ஒவ்வொரு மாசக் கடைசியிலும், வரப்போகிற மாசத்துப் பக்கத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளின் மேல் உச்சியிலிருந்து அடிவரைக்கும் சிவப்புக் கோடு இழுப்பார். ஒரு கோடு போட்டதும் அடிமட்டத்தின் ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கோடு. ஒற்றுத்தாளை அழுத்தி எடுப்பார், தேய்க்கமாட்டார். அத்தனை வருஷத்தில் அவர் புத்தகத்தில் ஒரு மைத்தீற்றலை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது. சட்டமும் அப்படித்தான், புத்தகமும் அப்படித்தான். ஆனால் வேலை இருந்தது. உருளையைப் பிரிப்பதும், பால் ஓடுகிற பீலியைச் சுரண்டுவதும், கூரைத் தகரம் மாற்றுவதும் வாரநாளில் எப்படி நடக்கும்? ஸ்டோரை நிறுத்தத் துரை விடமாட்டார். அதனால் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த வேலைக்குப் பேர் இல்லை. கட்டாயம் எதையாவது குறித்துத்தான் ஆகவேண்டும் என்றால், அது திங்கட்கிழமைக் கட்டத்தில் ஏறும்.

ஒருமுறை கருப்பன் என்கிற கூரைவேலைக்காரர் புகைவீட்டுக் கூரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அது ஞாயிற்றுக்கிழமை காலை. நான்தான் அவரைத் தூக்கினேன். மறுநாள் செக்ரோலில் 'திங்கட்கிழமை, சுகமில்லை' என்று விழுந்தது. வேலையில் விழுந்தவர் என்று எங்கேயும் இல்லை. நான் கிளாக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒரு நாள் இந்தப் புத்தகத்தில இல்லை, பிட்டர்" என்றார்.

கருப்பன் அதன்பிறகு காலை இழுத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். கிளாக்கர் ஐயாவைக் கெட்டவர் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டபோது தன் வீட்டிலிருந்து மருந்து கொடுத்தனுப்பியவர் அவர். அவருக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்தச் சுத்தம் யார் முதுகில் ஏறி நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தோட்டத்துக்கு லொறி வந்தது.

அதுவரை மாட்டுவண்டியில் எஹலியகொட ரயில் ஸ்டேஷனுக்கு ரப்பர் போய்க்கொண்டிருந்தது. துரை புது லொறியே வாங்கிவிட்டார், நேரே கொழும்புக் கிடங்குக்கு அனுப்பலாம் என்று. டிரைவராகச் சூசையைப் போட்டார்கள். சூசை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்திலேயே பிறந்தவன். அவன் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். இவன் அதுவரை கடலையே பார்த்ததில்லை. இரத்தினபுரியில் ஒரு இரத்தினக்கல் முதலாளியின் காரைக் கழுவப் போய், அப்படியே ஓட்டப் பழகி வந்தவன். சிங்களம் தண்ணீர் பட்டபாடு. வழியில் வண்டிக்காரர்களோடு அவன் சிங்களத்தில் சண்டை போடுவதைக் கேட்டால் அவனைத் தோட்டத்து ஆள் என்றே சொல்லமாட்டார்கள். அவன் மனைவி ரோசா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போவாள். இரண்டு பெண்பிள்ளைகள்.

லொறியைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் கம்பெனி இன்ஸ்பெக்டர் ஸாலி நானா. கொழும்பு முஸ்லிம் மனிதர், மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர்தான் கியாரண்டிப் புத்தகத்தைத் தந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி அதில் அச்சடித்திருந்தது.

"ஐந்நூறு மைலுக்கு ஒருக்கா ஒயில் மாத்தணும். மாத்தின நாள்ல எழுதணும். டிரைவர் ஒப்பம் வைக்கணும். இது ஒழுங்கா ஈந்தா, ஒரு வருஷத்துக்குள்ள எஞ்சின்ல என்ன ஒடஞ்சாலும் கம்பெனி பாத்துக்கும். பொஸ்தகம் பிழைச்சா, நான் வந்தாலும் ஒண்டும் செய்யேலாது" என்று சூசையையும் என்னையும் பார்த்துச் சொன்னார். அவர் பேச்சில் 'இருந்தால்' என்பது 'ஈந்தா' ஆகும், 'இருக்கிறது' என்பது 'ஈக்கி' ஆகும்.

புத்தகம் என்றதும் அது தானாகக் கிளாக்கர் ஐயாவின் மேசைக்குப் போய்விட்டது. அவர் கைகழுவி வந்து, அதை இரண்டு கையாலும் வாங்கி, தாளைத் தடவிப் பார்த்தார். அன்று பின்நேரம் நான் எஞ்சின் துடைக்கக் கழிவுப் பஞ்சு கேட்கப் போனபோது, அவர் அடிமட்டமும் சிவப்பு மையுமாக உட்கார்ந்திருந்தார். வருஷம் முழுவதற்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், லொறிப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது விசித்திரமாகப் படவே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் பட்டிருக்காது. ஆளுக்கு இல்லாத ஞாயிறு லொறிக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

வாரநாளில் லொறிக்கு ஓய்வு கிடையாது. ரப்பர் இறங்கும், அரிசி ஏறும், உரம் ஏறும். அதனால் ஒயில் மாற்றுகிற வேலை ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். சூசையும் நானும் கொட்டகையில் நிற்போம். முதலில் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும், சூடு ஏறினால்தான் பழைய எண்ணெய் இளகி முழுவதும் இறங்கும். பிறகு அடியில் தட்டை வைத்து, வடிகால் ஆணியைக் கழற்றுவோம். கறுப்பாக, தடிப்பாக விழும். பிறகு நூலாகும். பிறகு சொட்டாகும். சல்லடையைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பான் சூசை. ஆணிக்கு அடியில் செப்பு வளையம் புதிதாகப் போட்டு முடுக்கி, புது எண்ணெய் ஊற்றி, அளவுக்கோலைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் பார்ப்பான்.

எனக்குப் பொறுமை போய்விடும். "போதும் சூசை, வடிஞ்சிருச்சு. ஆணியைப் போடுறேன். ஒனக்குப் பூசைக்கு நேரமாச்சு" என்பேன்.

"இருங்கண்ணே. கடைசிச் சொட்டுலதான் அழுக்கே இருக்கு. நான் ஏன் பிந்தி வாறேன்னு மாதாவுக்குத் தெரியும். ஒயில் ஏன் அழுக்கா இருக்குன்னு லொறிக்குத் தெரியுமா?"

அப்புறம் மண்ணெண்ணெயிலும் சவுக்காரத்திலும் கையைத் தேய்த்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவான். போய்ச் சேரும்போது பிரசங்கம் முடிந்திருக்கும். நகக்கண்ணில் கறுப்புப் போகாது. ஒருநாள் பங்குச் சாமியார் சனம் முழுக்கக் கேட்கும்படியே சொல்லிவிட்டாராம், சிலபேருக்கு ஆண்டவரைவிட லொறி பெரிதாகிவிட்டது என்று. அன்றைக்கு ரோசா அவனோடு பேசவில்லை. சூசை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தான். சிரித்தானே ஒழிய, முகம் சின்னதாகிப் போயிருந்தது.

சனிக்கிழமை கட்டிய ரப்பரை ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமை விடியலில் லொறி கொழும்புக்குப் புறப்பட்டுவிடும். பொழுதுசாயத்தான் திரும்பும். திரும்பியதும் சூசை ஆபீசுக்குப் போவான். அங்கே லொறிப் புத்தகத்தில், திங்கட்கிழமை வரியில், 'ஒயில் மாற்றியது' என்று கிளாக்கர் ஐயாவின் முத்து முத்தான எழுத்தில் இருக்கும். சூசை கையெழுத்து வைப்பான். செய்த வேலை சத்தியம். வைத்த கையெழுத்தும் சத்தியம். பொய்யாக இருந்தது அந்தத் தேதி ஒன்றுதான்.

வருஷம் முடிவதற்குள் ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரண விழுகை இல்லை. மலை மலையாக மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். பால்வெட்டுக்குப் பாதிப்பேர் போதும் என்றார்கள். வேலை இல்லாதவர்களுக்குக் கவர்ன்மெண்டு செலவில் இந்தியாவுக்குப் போக வழி செய்திருக்கிறது என்று பிரட்டுக்களத்தில் கங்காணிமார் சொன்னார்கள். பிரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அங்கே முன்பெல்லாம் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அந்த நாட்களில் ஒவ்வொருவரும் தன் பேர் இன்றைக்கும் கூப்பிடப்படுமா என்று கங்காணியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாரத்துக்கு ஒரு லயத்தில் அடுப்பு அணைந்துகொண்டிருந்தது.

கியாரண்டி வருஷம் முடியுமுன்பே, மழைமாதத்தில் லொறி உடைந்தது. சூசை ரயில் ஸ்டேஷனிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வந்து தோட்டத்து வளைவில் ஏறும்போது எஞ்சின் ஒரேயொரு அடி அடித்து நின்றுவிட்டது. பாரத்தோடு லொறி பின்னால் உருண்டது. ஒரு பக்கம் பள்ளம். சூசை ஸ்டீரிங்கை ஒடித்து, பின்பக்கத்தை மலைச்சுவரில் கொடுத்து நிறுத்தினான். அவனுக்கு நெற்றியில் மட்டும் காயம். மூட்டைகள் கிழிந்து அரிசி சேற்றில் கொட்டியது. பெண்கள் ஓடிவந்து மழையில் நனைந்துகொண்டே அதை அள்ளினார்கள்.

எஞ்சினைப் பிரித்தேன். கிராங்க் சாப்டு இரண்டு துண்டு. பிஸ்டன்களின் அடியை எல்லாம் சேர்த்துச் சக்கரத்துக்குச் சுழற்சியாகக் கொடுக்கிற பெரிய இரும்புத் தண்டு அது. அது போனால் எஞ்சினே போன மாதிரி. விலையைக் கேட்டால் துரைக்கே தலைசுற்றும். எல்லோரும் கியாரண்டியை நம்பித்தான் இருந்தோம். துரை கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி தராவிட்டால் யார் தலையில் விழும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சூசை அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸாலி நானா வந்தார். துண்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து, ஒடிந்த முகத்தைத் துணியால் ஒற்றிப் பார்த்தார். பாதி முகம் கறுத்திருந்தது, பாதி புதுவெள்ளி மாதிரி மின்னியது. என்னைக் கூப்பிட்டு அவரே காட்டினார்.

"பாருங்க பிட்டர். இந்தக் கறுப்பு பழைய வெடிப்பு. வார்க்கும்போதே ஈந்திருக்கு. இந்த மினுக்கம்தான் அண்டைக்கு ஒடிஞ்சது. இது டிரைவர்ட பிழையில்ல. எங்கட பிழை."

சூசை என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது.

"எல்லாம் சரி. பொஸ்தகத்தக் கொண்டு வாங்கொ" என்றார் ஸாலி நானா.

கிளாக்கர் ஐயா புத்தகத்தோடு கொட்டகைக்கு வந்தார். ஸாலி நானா தன் பையிலிருந்து கொழும்புக் கிடங்கில் கேட்டு வாங்கி வந்திருந்த ரசீதுகளை எடுத்தார். எந்த நாளில் எங்கள் லொறி அங்கே ரப்பர் இறக்கியது என்று அதில் முத்திரை இருந்தது. ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் ரசீதில். பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"டிரைவர், இந்தத் திங்கட்கிழமை நீங்க ஒயில் மாத்தீக்கி எண்டு ஈக்கி. அண்டைக்கு லொறி காலைல இருந்து கொழும்புல. இங்கயும் அப்பிடித்தான். இங்கயும். லொறி ஒரே நாள்ல ரெண்டு எடத்துல நிண்டிச்சா?"

"ஞாயித்துக்கெழம மாத்தினதுங்க ஐயா" என்றான் சூசை. "ஒவ்வொரு தரமும் ஞாயித்துக்கெழமதான். வேலு அண்ணனும் கூட நின்னாருங்க."

"அப்ப ஏன் திங்கள்ல எழுதீக்கி?"

எல்லோரும் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தோம். அவர் மறைக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிச் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"எங்கட தோட்டத்தில ஞாயிற்றுக்கிழமை எழுதிறதில்லை. அது இங்கத்தை வழக்கம்."

ஸாலி நானா ரசீதுகளை அடுக்கிப் பையில் வைத்தார். பிறகு, "நீங்க மூணு பேரும் சொல்றது உண்மைதான், எனக்கு வெளங்குது" என்றார். "ஆனா கியாரண்டில எழுதீக்கிறது, செஞ்ச நாளத்தான் எழுதணும் எண்டு. தேதி பொய்யெண்டா மத்ததெல்லாம் எப்படி நம்புற எண்டு கொழும்புல கேப்பாங்க. விலை விழுந்த நேரம், கொடுக்காம ஈக்க அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கொ."

அவர் போகும்போது சூசையின் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். கம்பெனி மறுத்துவிட்டது.

துரை சூசையைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன். கூப்பிடாமல்தான் போனேன். கவனமில்லாத டிரைவரால் எஞ்சின் போயிற்று என்று கொழும்பில் இருக்கும் தோட்டத்து ஏஜண்டுமாருக்கு அவர் ஏற்கனவே எழுதி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் ஆளைப் பிடித்து வேலை வாங்கினோம் என்று அவரால் எழுதமுடியாது. லேபர் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். ஞாயிறு இல்லை என்றால், ஒயில் மாற்றவும் இல்லை. கணக்கு அவ்வளவு லேசாக முடிந்தது.

"தொரைங்க, சாப்டு வார்ப்புலயே வெடிச்சிருக்குங்க. கம்பெனி ஆளே சொன்னாருங்க. நான் சாட்சிங்க" என்றேன்.

"நீ பிட்டர். பிட்டர் வேலை பார். போ" என்றார் துரை. கிளாக்கர் ஐயா பக்கத்து மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். அந்த நிமிஷத்தில் அவர் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொட்டகையில் சொன்னாரே, அதே வார்த்தையைத்தான். சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

ரோசா அழுது அடம்பிடித்து, சாமியாரிடம் போகச் சொன்னாள். சூசை மாட்டேன் என்றான். "பூசைக்கு ஏன்டா பிந்தி வாறேன்னு திட்டினவருகிட்டயே போயி, நான் பிந்தி வந்ததுக்குச் சாட்சி சொல்லுங்கன்னு கேக்கவா?" என்றான். கடைசியில் ரோசாவே போனாள். சாமியார் நல்ல மனிதர். தான் அன்றைக்குத் திட்டியதை நினைத்து வருத்தப்பட்டு, பங்களாவுக்கே நடந்து வந்தார். துரை அவரை விறாந்தையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நடப்பதில்லை, ஃபாதர்" என்றாராம். இதைச் சாமியாரே பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

சூசைக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று என்கிற சீட்டு. ரப்பர் விழுந்த காலத்தில் அந்தச் சீட்டோடு எந்தத் தோட்டத்துக்குப் போவது? சுற்றுவட்டாரத்தில் ஏறி இறங்கிப் பார்த்தான். லயக் காம்பிராவை, அவர்கள் குடியிருந்த அறையை, காலிசெய்யச் சொல்லி ஆள் வந்தது. கடைசியில் இந்தியாவுக்குப் போகப் பேர் கொடுத்தான். எந்த ஊர் என்று கேட்டார்களாம். அப்பா சொன்ன ஊர்ப்பேரைச் சொல்லியிருக்கிறான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "தெரியலிங்க" என்றானாம்.

இதற்கிடையில் தோட்டம் காசு கொடுத்தே புது சாப்டு வாங்கியது. அதற்குத் தனியாக ஒரு கியாரண்டி, தனியாக ஒரு புத்தகம். இந்த முறை துரையிடமிருந்து உத்தரவு வந்தது. லொறிப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடக்கூடாது, எந்த நாளில் வேலை நடக்கிறதோ அந்த நாளிலேயே எழுதவேண்டும், ஞாயிறாக இருந்தாலும் சரி. லேபர் இன்ஸ்பெக்டர் பார்ப்பது செக்ரோலைத்தானே, லொறியின் புத்தகத்தை இல்லையே.

சூசை குடும்பம் புறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய பெண் ஒரு கோழியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், அதைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எஹலியகொட ஸ்டேஷனுக்கு நடந்துதான் போனார்கள். லொறி கொட்டகையில் நின்றது. போகும் வழியில் சூசை கொட்டகைக்குள் வந்தான். நான் அப்போதுதான் வடிகால் ஆணியைக் கழற்றியிருந்தேன்.

குனிந்து பார்த்தான். "நல்லா வடியவிடுங்கண்ணே" என்றான். எண்ணெய்க் கையோடு அவனைக் கட்டிப்பிடிக்கவும் முடியாமல் நின்றேன். ரயிலுக்கு நேரமாயிற்று என்று வெளியிலிருந்து ரோசா கூப்பிட்டாள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் ஐயா கொட்டகைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அவர் புத்தகம் தூக்கி நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. என்னிடம் மைல் கேட்டார், சொன்னேன். நின்றபடியே எழுதினார். 'ஞாயிற்றுக்கிழமை, ஒயில் மாற்றியது.'

மறுநாள் ஆபீசுக்குப் போனபோது செக்ரோல் விரித்திருந்தது. சூசை, ரோசா இரண்டு பேருக்கும் குறுக்கே கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் அதே முத்து எழுத்தில், 'திங்கட்கிழமை காலை, பேர் வெட்டியது, தோட்டத்தை விட்டுப் போனது' என்று இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை அவர்கள் தலைமன்னாரில் கப்பலுக்கு நின்றிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது.

"ஐயா, அவுங்க போனது நேத்துங்க. ஒங்களுக்கே தெரியுமுங்க. லொறிக்கு எழுதின மாதிரி இவுங்களுக்கும் ஞாயித்துக்கெழமைன்னு எழுதக்கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஒற்றுத்தாளை எடுத்து அந்த வரியின்மேல் வைத்து அழுத்தினார். கையை எடுக்காமலேயே சொன்னார்.

"லொறிக்குக் கியாரண்டி இருக்கு, பிட்டர்."